கவரேஜ் இருக்கிறது, எங்களுக்கு ஃபைபர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடமராட்சி கிழக்கில், தாளையடிக்கும் வெற்றிலைக்கேணிக்கும் இடைப்பட்ட ஒரு கரையோரக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்துக்கு நல்ல இணைய வசதி வேண்டும் என்று எங்கே போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான்: "உங்கட இடத்தில 4ஜி கவரேஜ் இருக்குத்தானே, பிறகென்ன?" இருக்கிறது, இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. கம்பனிகளின் வரைபடத்தில் எங்கள் ஊருக்கும் நிறம் தீட்டியிருக்கிறார்கள், போனிலும் சிக்னல் கோடுகள் நிறைந்துதான் நிற்கின்றன. ஆனால் பின்னேரம் ஏழு மணி தாண்டினால் ஒரு பிள்ளை ஸூம் வகுப்பில் கால் மணித்தியாலம் தொடர்ந்து இருக்க முடியாது, கனடாவில் இருக்கும் மகனின் முகம் பாதியில் உறைந்து போய்விடும், அரசாங்கத்தின் இணையப் படிவம் ஒன்றை நிரப்பி முடிக்கும் முன் பக்கம் செத்துவிடும். ஆகவே நேரடியாகவே கேட்கிறேன். எங்களுக்கு இன்னுமொரு டவர் வேண்டாம், ஒளி மூலம் இணையம் கொண்டுவரும் ஃபைபர் கம்பி வேண்டும். அது ஏன், எப்படி, காசுக்கு எங்கே போவது என்பதெல்லாம் கொஞ்சம் நீண்டுதான் வரும். இடமிருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

முதலில் இந்த டவர் விசயம். ஒரு டவரிலிருந்து வரும் வேகம் அதில் தொடுத்திருக்கும் எல்லாப் போன்களுக்கும் சேர்த்துத்தான். பகலில் ஊரில் பாதிப்பேர் கடலிலும் தோட்டத்திலும் பள்ளிக்கூடத்திலும் நிற்கும்போது வேகம் பரவாயில்லை. பொழுதுபட்டு எல்லாரும் வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுத்ததும் அதே அளவைத்தான் ஊர் முழுக்கப் பங்கு போடவேண்டும். இதற்கு மேலே, கரையோரத்தில் டவர்கள் ஒன்றுக்கொன்று தூரம், நடுவில் பனங்கூடலும் சவுக்கும். டவருக்கே ஃபைபர் வராமல் மைக்ரோவேவ் வானலை மூலம் அடுத்த டவரிலிருந்து இணைப்பு எடுத்திருந்தால், வீட்டு வாசலில் சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தும் பிரயோசனம் இல்லை, டவருக்குள் வருகிற வழியே ஒடுக்கம். சிக்னல் கோடு நிறைந்திருப்பதற்கும் இணையம் வேலை செய்வதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது என்பதை எங்கள் ஊரில் இப்போது சின்னப்பிள்ளைகளும் அறிவார்கள்.

பக்கத்து வீட்டில் உயர்தரம் உயிரியல் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது. நெல்லியடியில் நல்ல ஆசிரியர், நேரே போய்ப் படிக்கலாம்தான், ஆனால் வகுப்பு முடிந்து இருட்டில் அவ்வளவு தூரம் திரும்பி வர பஸ் இல்லை. ஆகவே இரவு வகுப்பை ஸூமில் எடுக்கிறாள். வீட்டுக்குள் சிக்னல் கொஞ்சம் நின்று பிடிக்கும் ஒரேயிடம் குசினி யன்னல். அந்தக் கம்பியில் பழைய துணியால் போனைக் கட்டிவிட்டு, கீழே பலகைக்கட்டையில் கொப்பியை வைத்துக்கொண்டு இருப்பாள். பின்னால் தாய் இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவிக்கிறா, அந்தப் புகைக்குள்தான் படிப்பு. ஆசிரியர் சிறுநீரகத்தின் படம் கீறத் தொடங்குவார், வட்டம் ஒன்று போடும்போதே படம் நின்றுவிடும், குரல் மட்டும் விட்டுவிட்டு வரும், பிறகு அதுவும் போய்விடும். திரும்ப உள்ளே போனால் ஆசிரியர் இரண்டு பக்கம் தாண்டி எங்கேயோ நிற்பார். வகுப்பின் பதிவை நள்ளிரவுக்குப் பிறகு இறக்கி எடுப்பாள், ஏனென்றால் வாங்குகிற டேட்டாவில் பெரும்பங்கு நடுச்சாமத்துக்குப் பிறகு பாவிக்கத்தான் தரப்படுகிறது, வேகமும் அப்போதுதான் வரும். பிள்ளை முழித்திருந்தால் தாயும் முழித்திருப்பா. விடிய பள்ளிக்கூடம். இந்தப் பிள்ளை எழுதும் அதே வினாத்தாளைத்தான் யாழ்ப்பாண நகரத்திலும் கொழும்பிலும் ஃபைபர் உள்ள வீட்டுப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசற் புள்ளியும் ஒரே கணக்குத்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடியபோது நாடு முழுவதும் இந்தப் பிரச்சினை வெளியே தெரிந்தது. பதுளைப் பக்கத்தில் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுக்குள் பாறை ஏறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பள்ளிக்கூடங்கள் திறந்தன, பேச்சும் அடங்கிவிட்டது. ஆனால் ரியூசன் திரும்ப முழுதாக நேரடிக்கு வரவில்லை, நல்ல ஆசிரியர்கள் பலர் இணையத்திலேயே தங்கிவிட்டார்கள். அதைப் பிழை என்று சொல்லமாட்டேன். எங்களைப் போன்ற தூரத்து ஊர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. வாய்ப்பு வாசல் வரை வந்து நிற்க, அதை உள்ளே எடுக்கக் கம்பி இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

படிப்பை விட எனக்கு அதிகம் பயமாக இருப்பது வேலை விசயம். என் அக்காவின் மகள் கிராபிக் டிசைன் படித்து, வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்யத் தொடங்கினாள். நல்ல சம்பளம், எங்கள் ஊரில் ஒரு இளம் பிள்ளைக்குக் கனவில் கூடக் கிடைக்காத தொகை. அந்த வேலைக்குப் பெரிய கோப்புகளை மேலே ஏற்றவேண்டும். டவர் இணையத்தில் இறக்கும் வேகத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள், ஏற்றும் வேகம் அதை விடப் படுமோசம். இரவிரவாக ஏற்றி, விடியப் பார்த்தால் தொண்ணூறு வீதத்தில் அறுந்திருக்கும். கடைசியில் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது சம்பளத்தில் ஒரு பங்கு வாடகைக்குப் போகிறது, அக்கா இங்கே தனிய. 2004 சுனாமி அடித்து, பிறகு யுத்தம் துரத்தி, 2009க்குப் பின் திரும்பி வந்து காடு வெட்டிக் குடியேறிய ஊர் இது. அவ்வளவுக்குப் பிறகும் ஊரில் நிற்கவேண்டும் என்று விரும்பிய பிள்ளை இணையம் இல்லாமல் வெளிக்கிட்டுப் போகிறாள் என்றால் அதை நான் சின்ன விசயமாக எடுக்கமாட்டேன். யாழ்ப்பாணத்தைத் தகவல் தொழில்நுட்ப நகரமாக்க வேண்டும் என்று யாழ் ஐ.டி. ஹப் போன்றவர்கள் பத்து வருடத்துக்கு மேலாகப் பாடுபடுகிறார்கள், அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, ஆட்கள் உருவாகிறார்கள். அவர்கள் எல்லாரும் திருநெல்வேலியிலும் நல்லூரிலும்தான் இருந்து வேலை செய்யவேண்டும் என்று ஏதும் சட்டமா?

அரசாங்கமும் ஒவ்வொரு சேவையாக இணையத்துக்கு மாற்றிக்கொண்டே வருகிறது. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தபோது பட்ட பாட்டை ஊரில் ஒருவரும் மறக்கவில்லை. பிறகு அஸ்வெசும நிவாரண விண்ணப்பம், கடவுச்சீட்டு, பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதி, 2025 பெப்ரவரியில் அரசாங்கக் கட்டணங்களை இணையத்தில் கட்டும் கவ்பே. நல்ல விசயங்கள்தான், கச்சேரிக்கும் கொழும்புக்கும் அலைய வேண்டியதில்லை. ஆனால் இணையம் பிடிக்காத ஊரில் ஆட்கள் அதே படிவத்தை நிரப்ப நெல்லியடிக்கோ பருத்தித்துறைக்கோ போய் கொமினிகேசன் கடையில் காசு கொடுத்துச் செய்கிறார்கள். அலைச்சல் அப்படியே இருக்கிறது, செலவு புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

சரி, எவ்வளவு வேகம் இருந்தால் அதை இணையம் என்று சொல்லலாம்? பின்லாந்து 2010 யூலையிலேயே செக்கனுக்கு ஒரு மெகாபிட் இணைப்பை ஒவ்வொரு குடிமகனுக்கும் சட்டப்படி உரிமை ஆக்கியது. அமெரிக்காவில் 25 மெகாபிட்டுக்குக் குறைந்தால் அதை அகன்ற அலைவரிசை என்று சொல்லக்கூடாது என்று வைத்திருந்தார்கள், 2024 மார்ச்சில் அந்த அளவை 100க்கு உயர்த்தினார்கள், ஏற்றும் வேகமும் 20 இருக்கவேண்டும் என்று சேர்த்துச் சொன்னார்கள். நாங்கள் அமெரிக்கா ஆக ஆசைப்படவில்லை. ஆனால் ஒரு அளவுகோல் வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அதிகாரம் பெற்ற அமைப்பு. அவர்கள் கிராம அலுவலர் பிரிவு வாரியாக, இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குள் நின்று அளந்த வேகத்தை, இறக்குவதும் ஏற்றுவதும் தனித்தனியாக, மூன்று மொழியிலும் வெளியிடட்டும். கவரேஜ் வரைபடத்தை யாரும் எங்களுக்கு இனிக் காட்ட வேண்டாம்.

இனி ஃபைபர். தலைமுடியளவு கண்ணாடி இழை, அதற்குள் ஒளி ஓடுகிறது. பழைய செப்புக் கம்பியில் தூரம் கூடக் கூட வேகம் விழும், தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளினாலே அந்தக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணையம் படுத்துவிடும். ஃபைபரில் 20 கிலோமீற்றர் வரை அந்தப் பிரச்சினையே இல்லை. ஒரே இழையை மின் கம்பத்தில் மாட்டும் சின்னப் பெட்டிக்குள் பிரித்து 32 வீடுகளுக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம், அந்தப் பெட்டிக்குக் கரண்டே தேவையில்லை. கரையோர ஊருக்கு இதை விடப் பொருத்தமானது கிடையாது. உப்புக் காற்று செப்பை அரித்துத் தின்றுவிடும், கண்ணாடியை ஒன்றும் செய்யாது. செப்புக் கம்பியைக் கள்ளர் வெட்டி விற்பார்கள், ஃபைபரை வெட்டினால் வாங்க ஆளில்லை. ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கினால் எங்கள் வீடுகளில் முதல் வேலை தொலைபேசி வயரைக் கழற்றுவது, மின்னல் அந்த வயர் வழியே வந்து ரவுட்டரைக் கருக்கிவிடும் என்ற பயம். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, அந்த வழியால் மின்னலும் வராது. கரண்ட் போனாலும் வீட்டு ரவுட்டருக்கு ஒரு சின்ன பற்றரி இருந்தால் போதும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பல மாவட்டங்களில் கரண்டோடு சேர்ந்து போன் தொடர்பும் விழுந்ததைப் பார்த்தோம். கடலுக்குப் போகிற குடும்பங்களுக்கு வானிலை எச்சரிக்கை வருகிற வழி அறுந்தால் அது உயிர்ப் பிரச்சினை. ஃபைபரும் புயலில் அறும், கம்பம் விழுந்தால் அதுவும் விழும். ஆனால் டவர் ஒன்றை மட்டும் நம்பி இருப்பதை விட, இரண்டு வழி இருப்பது மேல்.

"மூலை முடுக்கெல்லாம் எப்படி ஃபைபர் இழுக்கிறது, செலவு கட்டாது" என்பார்கள். எங்கள் ஊரில் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் மின் கம்பம் வந்திருக்கிறது. 1990களில் வருடக்கணக்காகக் கரண்டும் இல்லாமல் தொலைபேசியும் இல்லாமல் குப்பிவிளக்கில் படித்த ஆட்கள் நாங்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு மின் கம்பம் வரமுடியும் என்றால் அதே கம்பத்தில் ஒரு மெல்லிய வயரும் வரமுடியும். கேரளாவில் கே-ஃபோன் என்ற திட்டத்தை அப்படித்தான் செய்தார்கள். மாநில மின்சார சபையையும் கூட்டாளியாகச் சேர்த்து, அதன் கம்பங்களையும் கோபுரங்களையும் பயன்படுத்தி மாநிலம் முழுக்க ஃபைபர் இழுத்து 2023 யூனில் திறந்தார்கள், வறிய குடும்பங்கள் 20 இலட்சத்துக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. வேலை மெதுவாகத்தான் நடந்தது, குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் கம்பத்தைப் பங்கு போட்டால் செலவு எவ்வளவு குறையும் என்பதை நேரில் பார்க்கலாம், அது எங்களுக்குக் கடல் தாண்டினால் பக்கத்து வீடு.

அதோடு இன்னுமொன்று. ஃபைபருக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு இழைக்கு இல்லை, மண் கிண்டுவதற்கும் மூடுவதற்கும்தான். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது, குடாநாட்டுக்கே அது பெரிய ஆறுதல். நீர்க் குழாய், வீதி அகலிப்பு, மதகு என்று வீதியைக் கிண்டும் வேலை எங்கே நடந்தாலும், அதே கிடங்குக்குள் வெறும் பிளாஸ்ரிக் குழாய் ஒன்றையும் சேர்த்துப் புதைக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கட்டும். பிறகு எந்தக் கம்பனி வந்தாலும் அதற்குள்ளால் இழையை ஊதித் தள்ளிவிடலாம். எங்கள் ஒழுங்கையில் கிண்டியபோது வந்த வேலைக்காரரிடம் இதை நான் கேட்டேன், "எங்களுக்கு அப்பிடி ஒரு ஓடர் இல்லை அண்ணை" என்றார்கள். அவர்களில் குறையில்லை. ஓடர் போடவேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள்.

காசுக்கு வருகிறேன், இதைத்தான் எல்லாரும் கவனமாக வாசிக்கவேண்டும். 2004ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் மீது ஒரு அறவீடு போடப்பட்டது, அதில் ஒரு பங்கு கிராமப்புறத் தொலைத்தொடர்பை வளர்க்கவென ஒதுக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து இலங்கைக்குக் கூடக் கோல் எடுத்தது யார்? வட்ஸ்அப் வரும் முன் கோலிங் காட் சுரண்டிச் சுரண்டி ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் தாய் தகப்பனோடு கதைத்த எங்கள் பிள்ளைகளும் சகோதரங்களும் அதில் முன்னுக்கு நின்றவர்கள். அந்த ஒவ்வொரு நிமிடத்திலும் கிராமத்துக்கென்று ஒரு பங்கு எடுக்கப்பட்டது. கிராமங்களுக்கு 4ஜி கொடுக்கும் 'கமட்ட சன்னிவேதனய' திட்டத்தை இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கினார்கள், டவர்கள் எழுந்தன, சந்தோசம். வடக்கின் கரையோரத்துக்கும் தீவகத்துக்கும் அந்த நிதியிலிருந்து ஃபைபருக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்று எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் எழுந்து கேட்கவேண்டும். பதில் ஹன்சாட்டில் பதியப்படவேண்டும். சிறிலங்கா ரெலிகொம்மின் பங்குகளில் 49.5 வீதம் இன்றும் திறைசேரியின் கையில் இருக்கிறது, ஆகவே "அது தனியார் வியாபாரம், நாங்கள் தலையிட முடியாது" என்று எந்த அமைச்சரும் சொல்லித் தப்ப முடியாது.

செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஸ்ரார்லிங்க் வந்துவிட்டதே, ஏன் கம்பி என்று சில இளைஞர்கள் என்னிடம் கேட்டார்கள். 2025 யூலையில் அது இலங்கையில் தொடங்கியது உண்மை, நல்ல வேகம் என்பதும் உண்மை. தொடங்கியபோது மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம், கருவிக்கு ஒரு இலட்சத்துக்கு மேல். களங்கண்டி வைத்து நண்டு பிடிக்கும் குடும்பம் அதைக் கட்டுமா? நெடுந்தீவு போல நடுக்கடலில் இருக்கும் ஊருக்கு, வைத்தியசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும், அதை அரசாங்கம் பொறுப்பெடுத்துப் போட்டுக் கொடுக்கலாம், அது நியாயம். வானத்திலிருந்து இணையம் வரும் என்று முன்பும் ஒருமுறை நம்பியிருந்தோம். 2015இல் கூகுளின் லூன் பலூனுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், 2016 பெப்ரவரியில் முதல் பலூன் இலங்கை வானுக்கு வந்தது, அலைவரிசைச் சிக்கலில் திட்டம் நின்றது, 2021இல் அந்தக் கம்பனியையே மூடிவிட்டார்கள். தரையில் பதித்த கம்பி ஊருக்கென்று நிலைக்கும்.

எல்லாவற்றையும் அரசாங்கம்தான் செய்யவேண்டும் என்று காத்திருக்கவும் நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் வடக்கில் லங்காஷயர் பக்கத்துக் கிராமங்களுக்குப் பெரிய கம்பனிகள் வர மறுத்தபோது, 2011இல் ஊர்ச்சனங்களே சேர்ந்து 'புரோட்பேண்ட் ஃபோர் த ரூரல் நோர்த்' என்ற சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். ஊரவர்களே பங்கு வாங்கினார்கள், விவசாயிகள் தங்கள் வயலுக்குள்ளால் கம்பி போக இலவசமாக இடம் விட்டார்கள், ஆட்கள் தாங்களே மண் கிண்டினார்கள். நகரத்தில் கிடைக்காத வேகம், செக்கனுக்கு ஒரு ஜிகாபிட், பட்டிக்காட்டு வீடுகளுக்குக் கிடைத்தது. சிரமதானம் எங்களுக்குப் புதிதா? குளமும் வாசிகசாலையும் கோயில் கிணறும் அப்படித்தானே வந்தன. இலண்டனிலும் கனடாவிலும் எங்கள் ஊர் ஒன்றியங்கள் இருக்கின்றன, வருடாவருடம் ஒன்றுகூடல் வைத்துக் காசு சேர்த்து ஊருக்கு அனுப்புகிறார்கள். அவர்களை நான் மரியாதையோடு கேட்கிறேன்: அடுத்த முறை வரவேற்பு வளைவுக்கும் இன்னுமொரு மண்டபத்துக்கும் கொடுக்க நினைத்திருக்கும் காசை இதற்குத் திருப்புங்கள். கோயிலுக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. வளைவு இல்லாமல் ஊர் இருக்கும், படிக்கவும் உழைக்கவும் வழியில்லாமல் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.

தொடங்குவதற்கு முழு ஊருக்கும் ஒரேயடியாக இழுக்கத் தேவையில்லை. ஊருக்கு ஒரு ஃபைபர், சனசமூக நிலையம் வரை. அங்கே பத்துப் பன்னிரண்டு மேசை, நல்ல வைபை, ஒரு சோலர் பற்றரி, இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கட்டும், பெண்பிள்ளைகள் பயமில்லாமல் இருந்து படிக்க ஒரு பொறுப்பான அக்கா நிற்கட்டும். முன்பு ஊர்களுக்கு நெணசல என்ற கணினி நிலையங்கள் வந்தன, 2014இல் அந்தத் திட்டத்தின் மின்நூலகங்களுக்கு பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் விருதும் கிடைத்தது, ஆக இது இலங்கையில் நடக்காத காரியம் இல்லை. அங்கே வந்த இழையிலிருந்து பிறகு ஒழுங்கை ஒழுங்கையாக வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். கம்பனி வர யோசிப்பது இணைப்பு எடுக்க ஆள் இருக்குமோ என்றுதான். ஆகவே ஒவ்வொரு ஊரிலும் சனசமூக நிலையமும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்து, இணைப்பு எடுக்கத் தயாராக உள்ள வீடுகளின் பெயரையும் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கட்டும். எங்கள் ஊரில் அந்தப் பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டோம், கேட்ட வீடுகளில் மறுத்தவர்கள் குறைவு.

பிரதேச சபை உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2025 மே தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்தபோது வீதி விளக்குப் போடுவோம், கொங்கிறீற் வீதி போடுவோம் என்றீர்கள், போடுங்கள். அதே வீதியில் கம்பி இழுக்க யாராவது அனுமதி கேட்டு வந்தால் கோப்பை மேசையில் காயவிடாமல் உடனே கையெழுத்து வையுங்கள், வீதி சேதக் கட்டணத்தைக் கிராமத்து ஃபைபருக்கு விலக்கலாமா என்று சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் மருதங்கேணிப் பிரதேச செயலகப் பிரிவின் இணைய வசதி தனி விடயமாக நிகழ்ச்சி நிரலில் வரவேண்டும் என்று எழுத்தில் கேட்கப்போகிறோம். தீவகத்திலும் தென்மராட்சியின் உட்பக்கத்திலும் இதே நிலையில் உள்ள ஊர்க்காரர்களும் உங்கள் பிரதேச செயலாளரிடம் அப்படி ஒரு கடிதம் கொடுங்கள், பிரதியை இந்தப் பத்திரிகைக்கும் அனுப்புங்கள். ஆசிரியர் அவர்களே, வருகிற கடிதங்களை ஊர்ப்பெயரோடு ஒரே பக்கத்தில் சேர்த்துப் போட்டு உதவுவீர்கள் என்று நம்புகிறேன்.

நன்றி.

இங்ஙனம்,
சனசமூக நிலையச் செயலாளர் ஒருவர்,
வடமராட்சி கிழக்கு.